சாவி திருப்ப ஓர் ஆள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது பழைய பிக்கப் வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. பின்னால் கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு என்று கல்யாணச் சீர். முன்சீட்டில் மாலையோடு மணப்பெண். வண்டி இருமிக்கொண்டே போனது. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்கிறது என்பது காதுள்ள யாருக்கும் தெரியும். பெண்ணோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அந்த வண்டியை முந்தின நாள் சாயங்காலமே சரிசெய்துவிடலாம் என்ற பேராசையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கந்தக நெடி வீசும் அந்த அந்திப்பொழுதில்..."

அடித்துவிட்டேன். பட்டாசு ஊர்க் கதை என்றால் கந்தகம் வீசியே தீரவேண்டுமா? கல்யாண வீட்டில் முறுக்கு வாசனை வீசக்கூடாதா?

இரண்டாவது: "சங்கிலிமுத்துவின் வாழ்க்கையும் அந்த வண்டியைப் போலவே..."

இதை முடிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சங்குளத்தில் சங்கிலிமுத்துவின் வீட்டு வாசல். விடிந்தால் அவர் மகள் கீர்த்திகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெம்பக்கோட்டை. சீர் ஏற்றவேண்டிய வண்டி குலுங்குகிறது, முக்குகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது. சேதி கேட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது: "நாங்க வேற வண்டி அனுப்புறோம், நீங்க விசனப்படாதீக." சங்கிலிமுத்து சரி என்று சொல்ல வாயெடுத்தார். கீர்த்திகா விடவில்லை.

"பட்டாசுக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி லோடு அடிச்சு அந்த வண்டிதானப்பா என்னையப் படிக்க வச்சுச்சு? நான் அதுலதான் போவேன். வேற வண்டி வந்தா சீரு மட்டும் போகட்டும்."

"ஏ தாயி, நல்ல நாளும் அதுவுமா வழியில நின்னுட்டா?"

"நின்னா இறங்கித் தள்ளுவேன்."

சங்கிலிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இதை நாசூக்காகச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், தாங்கவில்லை என்றே இருக்கட்டும்.

3

சாத்தூரிலிருந்து மெக்கானிக் சுடலை வந்தான். நானும் வந்தேன். கதையை எழுதுகிறவன் வெளியிலேயே நிற்பானேன் என்று பக்கத்து வீட்டுக்காரனாக என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

"நான் நட்டக் களட்டணும், சங்கிலிமுத்தண்ணன் எதிர்ப்பக்கம் ஸ்பேனரப் பிடிக்கணும். ஆக்ஸிலேட்டர யாரு மிதிக்கிறது? விட்டா ஆஃப் ஆயிரும்" என்றான் சுடலை.

கீர்த்திகா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாள்.

"கையில மருதாணி ஈரமா இருக்கே தாயி!"

"கையிலதானப்பா? காலு சும்மாதான இருக்கு?"

அவளால் சாவியைத் தொட முடியாது. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பினேன். இந்தக் கதையில் எனக்கு நான் கொடுத்துக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

வண்டி குலுங்கி எழுந்தது. சுடலை தன் வழியைச் சொன்னான்: "ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போற குழாய் நட்டை லூஸ் பண்ணுவேன். டீசல் போகாம இன்ஜின் சத்தம் இறங்கி விழுந்தா, அது நல்லா வேலை செஞ்ச சிலிண்டர். விழலையா, அதுதான் களவாணி."

முதல் நட்டு. சத்தம் விழுந்தது. இரண்டாவது நட்டு. விழுந்தது. மூன்றாவதை இளக்கினான். வண்டி அதே பழைய குலுக்கலோடு ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, மூணு! மூணுதான்!" என்று கீர்த்திகா சந்தோஷத்தில் ஓங்கி மிதித்துவிட்டாள். வெள்ளைப் புகையில் வாசலே மறைந்தது.

"ஏ, ரேஸ் விடாத தாயி!" சுடலையின் குரல் மட்டும் கேட்டது.

4

மூன்றாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினார்கள். அதன் அடியில் உட்காரும் செம்பு வாஷர் கறுத்து இறுகிக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று புஸ் புஸ்ஸென்று கசிந்திருக்கிறது. (புது வாஷர் வாங்கக் கடை திறந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துவிட்டேன்.)

"சுட்டுத் தண்ணியில போட்டா இளகிரும்ணே.* இன்னைக்குச் சமாளிக்கலாம். ஆனா தீ வேணும்" என்றான் சுடலை.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் தெரு. டீசல் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி உரச விடுவார்களா? வாஷரை எடுத்துக்கொண்டு எல்லோரும் அடுப்படிக்குப் போனோம். அங்கே கீர்த்திகாவின் அம்மா இருளம்மாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

"பலகாரம் சுடுற அடுப்புல இரும்பப் போடவா வந்திருக்கீக?"

"இரும்பில்ல மதினி, செம்பு."

"என்ன எளவோ. குடுங்க இங்கன."

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார். இடுக்கியில் தானே வாஷரைப் பிடித்து, அது சிவக்கும்வரை தீயில் காட்டி, சொம்புத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது.

"இந்தாங்க, ஒத்த முறுக்கு" என்று சுடலையிடம் நீட்டினார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

* இரும்பைச் சுட்டு நனைத்தால் இறுகும், செம்பு இளகும். நான் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

5

இந்த இடத்தில் கதையே கொஞ்சம் முக்கித் திணறியது. சரி, சுடலையின் வழியையே இதிலும் பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொரு ஆளாக எடுத்துப் பார்த்தேன்.

சுடலையை எடுத்தேன். சத்தம் விழுந்தது. இருளம்மாளை வெறும் முறுக்கு வாசனைக்காகத்தான் முதலில் வைத்திருந்தேன், எடுத்தாலும் பாதகமில்லை என்று நினைத்தேன். எடுத்ததும் கதை படுத்தேவிட்டது. சங்கிலிமுத்துவை எடுத்தால் கீர்த்திகா யாரிடம் மல்லுக்கு நிற்பாள்? கீர்த்திகாவை எடுக்க எனக்கு மனமே வரவில்லை.

கடைசியாக என்னை எடுத்துப் பார்த்தேன்.

கதை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துளி மாற்றமில்லை. களவாணி யாரென்று தெரிந்ததில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதையிலிருந்து இறங்கிவிட்டேன்.

6

வாஷர் உட்கார்ந்துவிட்டது. குழாய்க்குள் காற்று நிற்காமல் இருக்க சங்கிலிமுத்து கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்கிறார். சுடலையின் இரண்டு கைகளும் நட்டின் மேல். இருளம்மாள் கையெல்லாம் மாவோடு வாசலில் நிற்கிறார். கீர்த்திகாவின் கால் ஆக்ஸிலேட்டரில், கைகள் அந்தரத்தில்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் நான்கு சிலிண்டரும் ஒத்துப்போகின்றன, இருளம்மாள் குலவை போடுகிறார். இன்னொன்றில் டீக்கடையில் நான் கேட்ட அதே இருமல். அதிலும் அவள் சிரித்துக்கொண்டுதான் போகிறாள், அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் இரண்டில் எதுவானாலும் முதலில் வண்டி ஸ்டார்ட் ஆகவேண்டும். சாவி திருப்பிக்கொண்டிருந்தவன்தான் இறங்கிப் போய்விட்டானே.

"யாராச்சும் சாவியத் திருப்புங்களேன்!" என்று கீர்த்திகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கத்துகிறாள்.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?