ஒன்பது அங்குலச் சரிவு

நான் என் வாழ்நாளில் மூன்று மலைகளை மட்டும்தான் இடித்திருக்கிறேன். மூன்றையும் ஒரே நாளில், மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னர் இடித்து முடித்தேன். நான்காவதையும் இடித்திருப்பேன். சோறு ஆறுகிறது என்று என் மனைவி சல்மா உம்மா கூப்பிட்டுவிட்டாள்.

இடித்ததெல்லாம் என் மகள் றுமானாவின் கம்பியூட்டருக்குள். அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அந்த உலகத்தில் மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டிகள். ஒரு கட்டி ஒரு மீற்றர். தோண்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால், மலை, ஆறு, காடு, கடலோடு அவருக்கென்று ஒரு புது உலகத்தைக் கம்பியூட்டர் தானாகவே உண்டாக்கிக் கொடுக்கும். அப்படி உண்டாக்கும் வழியைத்தான் றுமானா எழுதிக்கொண்டிருந்தாள். இதை நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது, "என்ட மகள் உலகம் செய்யிறாள்" என்று நாலு பேரிடம் சொன்னேன். செய்தி எனக்கு முன்னரே வீட்டுக்குப் போய்விட்டது.

சல்மா உம்மா கதவடியிலேயே மறித்தாள். "படைக்கிறவன் அல்லாஹ். இவள் பெட்டிக்குள்ள மண் கொட்டுறாள். கதைக்கிறத ஒழுங்காக் கதைங்க."

மண் கொட்டுவதற்கும் காரணம் இருந்தது. வருடத்தில் நான்கு நாள் மட்டும் வெயில் காணும் ஒரு நாட்டில் அந்த விளையாட்டின் கம்பனி இருக்கிறது. அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள்: எங்கள் உலகத்தின் நிலம் இயற்கையாக இல்லை, திருத்தித் தருபவருக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை தருவோம். றுமானா கொழும்பில் வேலை பார்த்தவள். ஒரு வருட லீவில் கல்முனைக்கு வந்திருந்தாள். டிசம்பர் முதலாம் திகதி திரும்பி வரவேண்டும் என்று அவளுடைய ஒபிஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மருமகன் நளீமுக்கு பஸாரில் ஹாட்வெயார் கடை. பிள்ளைகள் இரண்டும் இங்கே பள்ளிக்கூடம். போனால் அவள் தனியாகத்தான் போக வேண்டும். பிள்ளைகளைக் கிழமைக் கடைசியில் காணலாம்.  அவள் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசி தட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நான் அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் தொழுகைக்கு வுழூ செய்யப் போனேன்.

போட்டிக்கு மூன்று தரம் அனுப்பலாம். முதல் தரம் அனுப்பியபோது, "உங்கள் மலைகள் எல்லாம் வைக்கோல் போர் மாதிரி இருக்கின்றன" என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். கதிர் வெட்டி வயலில் சூடு அடுக்கி வைப்போமே, அதே அச்சு. எங்கள் ஊர் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற ஊர். பள்ளி மினாராவை விட உயரமான மேடு எதையும் றுமானா பார்த்தது கிடையாது, கொழும்புக்குப் போவதும் இரவு பஸ்ஸில். ஒருமுறை பள்ளிக்கூடத்தோடு பதுளைக்குப் போனாள். போன வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாந்தி எடுத்தாள். இரண்டாம் தரம் படம் பார்த்து நல்ல மலைகளாகச் செய்து அனுப்பினாள். "அழகு. இதே மலைகளை இன்னும் நாற்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள்" என்று பதில் வந்தது.

மிச்சம் ஒரு தரம், மூன்று கிழமை.

இந்த நேரத்தில்தான் நான் அவளுக்கு ஒரு மனு எழுதினேன். நான் இருபத்தாறு வருடம் ஆலையடிக்கண்டம் என்ற வயல்வெளிக்கு வட்டை விதானையாக இருந்தவன். வாய்க்கால் திறப்பதும், எவன் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பதும் என் வேலை. அவளுடைய உலகத்தில் எனக்கு இரண்டரை ஏக்கர் வயல் இருந்தது. வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, ஆற்றைத் திறந்தேன். தண்ணீர் ஏழு கட்டி தூரம் வந்து நின்றுவிட்டது. ஆகவே எழுதினேன்:

"மேற்படி ஆற்றின் தலைப்பும் கடைசியும் ஒரே உயரத்தில் இருக்கின்றபடியால் தண்ணீர் எங்கே போவதென்று அறியாமல் நிற்கின்றது. வடக்கே ஓரிடத்தில் ஆறு குன்றின் மீது ஏறி மறுபக்கம் இறங்குகின்றது. இதனால் எனது பெரும்போகச் செய்கை பாதிக்கப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்."

றுமானா வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினாள். "வாப்பா, இது விளையாட்டு."

"மனுவுக்கு எழுத்தில பதில் வேணும்," என்றேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து சேவையர் அழகரெத்தினம் வந்தார். காரைதீவில் வீடு, நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டரில் வந்து இஞ்சி போட்ட பிளேன்டி குடித்து, என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். நல்ல மனிதர். எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கிணறு பிடுங்குப்பட்டுப் பக்கத்து வளவில் போய் நேராக விழுந்தபோது, அறுபத்திரண்டு அடி என்று அளந்து சொன்னவர் அவர்தான். இன்றைக்கும் நாங்கள் அந்த வளவில்தான் தண்ணீர் அள்ளுகிறோம்.

அவர் கம்பியூட்டரில் என் வயலைப் பார்த்தார். "தண்ணி எப்பிடி விதானையார் ஓடும்? இது சமதரை. உங்கட ஆலையடிக்கண்டம் போல."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "ஆலையடிக்கண்டம் சமதரையா?"

"எண்பத்தொண்டில நான் லெவல் வச்சு அளந்த காணி. ப்ளானில சமதரை எண்டுதான் கிடக்கு."

"ப்ளான் அலுமாரியில கிடக்கு. தண்ணி அலுமாரியப் பாத்துப்போட்டா ஓடும்? மடையத் திறந்தா அது வடகிழக்கு மூலைக்குத்தான் போகும்."

"காத்துக்கு அசைஞ்சிரிக்கும்."

"இருவத்தாறு வருஷமும் ஒரே காத்தா?"

றுமானா கதிரையைத் திருப்பினாள். "ரெண்டு பேரும் எத்தன வருஷமா இதக் கதைக்கிறீங்க?"

"நாப்பத்து மூணு," என்றார் சேவையர்.

"ஒரு நாளாவது ரெண்டு பேருமாப் போய்ப் பாத்தீங்களா?"

எங்கள் இருவருக்கும் அந்த யோசனை வந்ததில்லை.

அடுத்த நாள் காலை மூவரும் ஓட்டோவில் போனோம். நான்கு நாள் அடைமழை. கண்டம் முழுக்க வரம்பு தெரியாமல் வெள்ளம் கண்ணாடி போலக் கிடந்தது. கண்ணுக்குச் சமதரைதான். சேவையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். றுமானா நளீமின் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான் மடியிலிருந்து ஒரு குரும்பட்டியை எடுத்தேன். தென்னையின் இளங்காய், தண்ணீரில் முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும், காற்றுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. தண்ணீரில் விட்டேன். அது நின்றது.

"என்ன விதானையார், நித்திரையாப் போயிட்டு?" என்றார் சேவையர்.

 வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அடித்தது. குரும்பட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி, வடகிழக்குப் பக்கம் மெல்ல நகரத் தொடங்கியது. காற்றுக்கு எதிரே. முழங்கால் வெள்ளத்தில் நாங்கள் மூவரும் ஜனாஸா ஊர்வலத்துக்குப் பின்னால் போவது போலச் சத்தமில்லாமல் அதன் பின்னால் நடந்தோம். நாற்பது நிமிடம். நான் சொன்ன மூலையில், நான் சொன்ன ஆலமரத்தடியில், போய் முட்டி நின்றது.

நான் மலையிடித்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சேவையர் குனிந்து குரும்பட்டியைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். பிறகு தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். எண்பத்தொன்றில் வயலில் நின்று அவர் எழுதிய அளவைக் கொப்பி. மஞ்சள் பிடித்த பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். மேற்கு மூலைக்கும் இந்த மூலைக்கும் சரிவு ஒன்பது அங்குலம் என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

"அப்ப, நாப்பத்து மூணு வருஷமாத் தெரியும்!"

"லெவல் பொய் சொல்லல்ல," என்றார். "ஒரு அடிக்குக் குறைஞ்சத ப்ளானில கீறத் தேவையில்ல எண்டு எங்களுக்குச் சொல்லியிருந்தவங்க. அதால விட்டன். பிறகு நீங்க கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால நிண்டு சத்தம் போட்டீங்க. எப்பிடி ஒத்துக்கொள்றது?"

எனக்குச் சொல்ல வாய் வந்தது. றுமானா முந்திக்கொண்டாள். அவள் முகம் மாறியிருந்தது.

"சேவையர் மாமா, அந்த ஒம்பது அங்குலத்த எப்ப வெட்டினீங்க? கணக்குப் பாக்க முதலா, பிறகா?"

"பிறகுதான் மகள். கணக்கெல்லாம் முடிஞ்சு, கடைசியில, ப்ளான் கீறக்குள்ள."

"நான் முதல்லயே வெட்டிட்டன்," என்றாள் றுமானா. "முதல்லயே நிலத்தக் கட்டி கட்டியா ஆக்கிப்போட்டு, பிறகு ஆத்தக் கீறியிரிக்கன். ஒரு கட்டிக்குக் குறைஞ்ச சரிவெல்லாம் அதோட போயிட்டு. தண்ணிக்கு எங்க வழி தெரியும்?" அவள் வெள்ளத்துக்குள்ளேயே திரும்பி ஓட்டோவை நோக்கி ஓடினாள். ஒரு சப்பாத்து சேற்றில் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

அன்றே பழையதையெல்லாம் அழித்தாள். புதிதாகச் செய்த நிலத்தில் கட்டியே இல்லை. மயிரிழை உயரமும் கணக்கில் இருந்தது. அதன்மேல் மழை பெய்ய விட்டாள். ஒவ்வொரு துளியும் சரிவு பார்த்து ஓடும், ஓடும்போது மண்ணை அரிக்கும், களைத்த இடத்தில் மண்ணைப் போட்டுவிடும். அப்படி ஒரு லட்சம் வருட மழை. எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டியாக வெட்டுவது.

ஒரு லட்சம் வருடம் பெய்து முடிய ஐந்து நாள் எடுத்தது. கரண்ட் போனால் வேலை போய்விடும் என்று நளீம் கடையிலிருந்து லொறிக்குப் போடும் பெற்றரி இரண்டைக் கொண்டுவந்து பூட்டினான். மூன்றாம் நாள் அந்தப் பெட்டியின் வெக்கையில் சல்மா உம்மா நெத்தலிக் கருவாடு காயவைத்தாள். நான்காம் நாள் பூனை அதன் பின்னால் குட்டி போட்டது. ஐந்தாம் நாள் உள்ளே பெய்கிற மழை வெளியே தெறிக்கத் தொடங்கியபடியால் நான் குடையோடுதான் அறைக்குள் போனேன். ஓடு ஒழுகியது என்று சல்மா உம்மா சொல்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

ஆறாம் நாள் றுமானா எங்களைக் கூப்பிட்டாள். தூரத்தில் மலைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம், மழை கீறிய முகம். பதுளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போனவள் செய்த மலைகள். ஆனால் நான் மலையைப் பார்க்கவில்லை. மலையடியிலிருந்து கடல்வரை வெளி கிடந்தது. அதில் நரம்பு மாதிரி மெல்லிய பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போயின. கடைசியில் ஆறு கடலை நெருங்கி, கடலுக்குள் போகாமல், மணல்மேட்டுக்குப் பின்னால் வளைந்து கரையோடு கரையாக நீண்டு கிடந்தது. எங்கள் பக்கம் அதைத் தோணா என்போம்.

"இதையும் நீயா எழுதின?" என்று கேட்டேன்.

"இல்ல வாப்பா." அவள் குரல் மெல்லியதாக இருந்தது. "தண்ணி தானா வந்து இப்பிடிப் படுத்திரிக்கி."

அதைத்தான் அவள் மூன்றாம் தரம் அனுப்பினாள். நவம்பர் இருபத்தெட்டு, பின்னேரம் மூன்றரை. போட்டியில் மிஞ்சிய பத்துப் பேரின் உலகங்களுக்குள்ளும் நடுவர் நடந்து பார்ப்பதை நேரடியாகக் காட்டினார்கள். நாங்கள் டிவியில் பூட்டிப் பார்த்தோம். நடுவர், தலை முழுக்க நரைத்த ஒரு பெண். முதல் எட்டு உலகங்களும் பனிமலை, நீர்வீழ்ச்சி, குகை என்று போயின. ஒவ்வொன்றுக்கும் பார்ப்பவர்கள் அனுப்பிய விருப்பக்குறி ஓரமாக இதயம் இதயமாகப் பறந்தது. ஒன்பதாவது எங்களுடையது. அவள் வந்து இறங்கிய இடம் வெளி. நாலாபக்கமும் தரை.

இதயம் பறப்பது நின்றது. அவள் ஏதோ சொன்னாள்.

"வெறும் தரையா இரிக்கி எண்டு சொல்றா," என்றாள் றுமானா. கண் டிவியில் இல்லை. கதவுக்குப் பின்னால் சூட்கேஸில் இருந்தது.

"மலப்பக்கம் திருப்பச் சொல்லுகா!" என்று சல்மா உம்மா டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

நடுவர் புறப்படப் பார்த்தவள், காலடியில் ஒரு பள்ளத்தைக் கண்டு நின்றாள். ஒரு கட்டி ஆழம்தான். வாளியை எடுத்துத் தண்ணீரை ஊற்றினாள். அந்த விளையாட்டில் தண்ணீருக்கு ஓடத் தெரியும். இவ்வளவு காலமும் ஓட இடம்தான் இருக்கவில்லை. தண்ணீர் புறப்பட்டது. அவள் பின்னால் நடந்தாள். ஒரு பள்ளம் இன்னொன்றில் விழுந்தது, அது வேறொன்றில்.  பதினொரு நிமிடம், உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீருக்குப் பின்னால் வாய் திறக்காமல் போனாள். சேவையர் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு வலித்தது.

தண்ணீர் தோணாவில் போய்ச் சேர்ந்தது. அவள் மணல்மேட்டில் ஏறி இந்தப் பக்கம் தோணாவையும் அந்தப் பக்கம் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.

"வெட்டப் போறாள்!" நான் எழும்பிவிட்டேன். வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. அந்த நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். மூன்று கட்டி வெட்டினாள். தோணா உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது.

டிவி முழுக்க இதயம். வீடு முழுக்கச் சத்தம். நடுவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். றுமானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னகா சொல்றாள்?" என்றாள் சல்மா உம்மா.

"பத்தாவதப் பாக்கத்தான் வேணுமா எண்டு கேக்கிறா."

பத்தாவதையும் பார்த்தார்கள், நியாயம் நியாயம்தானே. ஐந்தே முக்காலுக்கு றுமானாவின் பெயரை வாசித்தார்கள், பிழையாக வாசித்தார்கள், எங்களுக்கு விளங்கியது. நான் மட்டும், நடுவர் வெட்டிய இடம் இரண்டு கட்டி தெற்கே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை றுமானா கொழும்புக்குக் கோல் எடுத்தாள். "இல்ல சேர், வரல்ல. சுகமில்லாம இல்ல சேர். வேல கிடைச்சிட்டு. இஞ்சதான். வீட்டிலதான்." போனை வைத்துவிட்டு, சூட்கேஸைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தாள். தூசி தட்டவில்லை.

அஸருக்குப் பிறகு சேவையர் ஆலையடிக்கண்டத்து ப்ளானின் பிரதியொன்றைக் கொண்டுவந்தார். சிவப்புப் பேனையால் வடகிழக்கு மூலைக்கு ஓர் அம்பு கீறி, ஒன்பது அங்குலம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். என்னைச் சாட்சிக் கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். இப்போது அது எங்கள் முன்ஹோலில் மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குகிறது.

என் மனுவுக்கும் எழுத்தில் பதில் வந்தது: "தங்கள் முறைப்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆறு இனிமேல் குன்று ஏறாது." இரண்டரை ஏக்கரும் விளைந்துவிட்டது. ஆனால் அந்த உலகத்தில் ஒரு காகம்கூட இல்லை. காகம் வராத வயலை விளைந்த வயல் என்று எந்த விதானை ஒத்துக்கொள்வான்? இன்னொரு மனு எழுதி அவளுடைய மேசையில் வைத்திருக்கிறேன்.