கன்னத்துக்குள் நூல்

என் மனைவி விதுர்ஷா டெங்குவில் இறந்து ஒரு வருடமாக இரண்டு நாள் இருந்தபோது என் கன்னம் வீங்கியது. அந்த வருடத்தில் அது நாலாவது தடவை.

காது மடலுக்குக் கீழே, வலது பக்கம். சாப்பிடத் தொடங்கினால் கூடும். பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். எனக்கு வேலை குறைந்தது.

விதுர்ஷாவின் தாயான மாமிக்குச் சந்தேகமே இல்லை.

"கூகைக்கட்டு. அம்மாள் வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை கட்டினார். பொன்னுக்கு வீங்கி அல்லவா, தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அம்மாள் வந்த வீட்டில் ஏழு நாளைக்குத் தாளிப்பில்லை, பொரியலில்லை, மீனில்லை. உப்பில்லாக் கஞ்சி. புளி படாததால் வீக்கம் மெல்ல வற்றும். அதற்கும் மாமி அம்மாளைத்தான் கும்பிட்டார்.

"கூகைக்கட்டு ஒருக்காத்தான் வரும் மாமி."

"உனக்கு நாலுதரம் வந்திருக்கு மனே. அவவுக்கு உன்னில அவ்வளவு விருப்பம்."

எனக்கு இருந்தது வேறு. மூன்றாவது வீக்கத்தின்போது டொக்டர் கன்னத்தைத் தடவி அழுத்தினார். வாய்க்குள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். தாதிமாரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வாமையால் உமிழ்நீர்க் குழாய்க்குள் சளி திரண்டு அடைக்கிறதாம். குஸ்மால் நோய். புத்தகத்தில் படித்திருக்கிறார், ஆளைக் கண்டது இப்போதுதான். குளிசை தந்து, கடிதமும் எழுதித் தந்தார். தொற்றாது என்பதன் கீழே இரண்டு கோடு.

சிக்கல் என்னவென்றால், அம்மாள் இருக்கிற வீட்டில் செத்தவருக்குச் செய்யும் கடமை எதுவும் நடக்கக் கூடாது. விதுர்ஷாவின் ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மாமியின் அண்ணன் வினாயகமூர்த்தி உன்னிச்சையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். விதுர்ஷாவுக்குத் தாய்மாமன், எனக்குப் பெரியப்பா முறை. பின்னால் அவர் மகன் சிவதர்ஷன். விதுர்ஷாவின் மச்சான். அவள் என்னைக் கட்டும் முன் அவளைப் பெண் கேட்டு, அவளே வேண்டாம் என்று சொன்ன ஆள்.

"திதியைத் தள்ளேலா," என்றார் பெரியப்பா. "எங்கட வீட்டில வைப்பம். இவன் செய்யட்டும்."

சிவதர்ஷன் அடக்கமாக நிலத்தைப் பார்த்தான். தலைமயிரை ஏற்கெனவே வெட்டி வந்திருந்தான்.

ஒரு வருடமாக எனக்கு எதிலும் விருப்பம் வரவில்லை. இதில் வந்தது. அவளுக்கு நான்தான் செய்யவேண்டும்.

கடிதத்தைக் கொடுத்தேன். பெரியப்பா எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இங்கிலீசில கிடக்கு. அம்மாளுக்கு விளங்குமா?"

"அம்மாளுக்கு இல்ல பெரியப்பா. உங்களுக்கு."

"எனக்கும் விளங்காது."

கண்ணகையம்மன் கோயில் கட்டாடியாரைக் கூப்பிடச் சொன்னேன். அம்மாள் விசயத்தில் பூசாரி சொல்வதுதான் முடிவு. நல்லரத்தினம் கட்டாடியார் சைக்கிளில் வந்து, கால் கழுவி, பாயில் இருந்தார்.

"மாமி, ஒரு தேசிக்காய் வெட்டித் தாங்க."

"ஐயோ, அம்மாள் நேரத்தில புளியா? கட்டாடியார், கேளுங்க!"

"குடு புள்ள, பாப்பம்," என்றார் கட்டாடியார்.

பாதியைச் சப்பினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். வலது கன்னம் எழும்பியது. காது முன்னால் தள்ளியது. மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். பெரியப்பா பாயின் அடுத்த கரைக்கு நகர்ந்தார்.

பிறகு டொக்டர் காட்டித் தந்தபடி காதடியிலிருந்து வாய்ப்பக்கமாக விரலால் அழுத்தித் தடவினேன். வலித்தது. திரும்பத் திரும்பத் தடவினேன். மேல் கடைவாய்ப் பல்லடியில் ஏதோ வழுகியது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். விரல் நீளத்துக்கு வந்தது. அதை மாமியின் சாசரில் வைத்தேன்.

சிவதர்ஷன் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். அங்கே நடந்தது எங்களுக்குக் கேட்டது.

கட்டாடியார் சாசரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். அது இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எவ்வளவு நேரம்?"

"ஏழு நிமிசம் இருக்கும்," என்றார் பெரியப்பா. போனில் வீடியோ எடுத்திருந்தார்.

கட்டாடியார் சாசரைத் தள்ளி வைத்தார்.

"அம்மாள் ஒரு வீட்டுக்கு வந்தா ஏழு நாள் இருந்து மரியாதை வாங்கித்தான் போவா. தேசிக்காய்க்கு வந்து ஏழு நிமிசத்தில போறது அம்மாளில்ல. வேப்பிலையை அவிழுங்க. புருசன்தான் செய்யோணும்."

மாமி முகம் சுருங்கியது.

"அப்ப நாலுதரமும் அவ வரல்லியா? நான் சும்மாவா கஞ்சி குடிச்ச?"

"உடம்புக்கு நல்லம் புள்ள."

அன்று பின்னேரம் மாமி கடுகு தாளித்தார். அடுத்த வீட்டுக்காரர் தும்மினார்.

திவசத்தன்று வாவிக்கரையில் ஐயர் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தேன். அவள் பேரைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிண்டத்தை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். கரையில் பெரியப்பா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவசரப்பட்டுப் போயிராதயும். சாப்பாட்டில மாங்காய் இருக்கு. மறுகா இவன்ர கன்னத்தைப் பாரும்."

பிண்டம் கையிலிருந்து மெல்லக் கரைந்தது. கடைசிப் பருக்கை போகும்வரை நின்றேன். பிறகும் கொஞ்சம் நின்றேன்.