முழங்கால் காட்டிய இடம்

"இதுவா?" லோரி ஐஸ்கிரீம் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கட்டிலில் கிடந்த அப்பா வென்டெல் கண்ணைச் சிமிட்டவில்லை. சிமிட்டினால் ஆமாம் என்று அர்த்தம். ரேடியோ, தலையணை, பூனை, போதகர் என்று காலையிலிருந்து எல்லாம் கேட்டாயிற்று. இரண்டாவது பக்கவாதம் வென்டெலின் பேச்சையும் கைகளையும் எடுத்துக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குள் அவர் கேட்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று லோரி தவித்தாள்.

"எதையாவது கேக்கறது, குடுத்தா குறை சொல்றது. முப்பத்தஞ்சு வருஷமா இதே வேலைதானே உனக்கு, வென்டெல்?" என்றாள் அம்மா நடீன். புத்தக அலமாரியை ஒட்டிய நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

போர்வைக்கு அடியில் வலது முழங்கால் அசைந்தது. இடப்பக்கம் ஒரு சாய்வு. மேலே ஒரு எழும்பல். மறுபடி இடப்பக்கம். லோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, அப்பா முட்டிய ஓட்டறாரு."

"இந்த மனுஷன் இன்னும் அதை விடலையா?"

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மென்லோ பார்க்கில், அறுபதுகளில் அப்பா வேலை பார்த்த கணினி ஆய்வுக்கூடம். திரையில் ஓர் இடத்தைக் கணினிக்கு எப்படிச் சுட்டிக்காட்டுவது என்பது அன்று புதுப் பிரச்சினை. ஆளுக்கொரு கருவி செய்தார்கள். மவுஸ் என்பது அன்று உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பெட்டி. அதன் அடியில் இரண்டு சக்கரங்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. முன்னே தள்ளினால் ஒன்று உருளும், மற்றது சும்மா வழுக்கும். பக்கவாட்டில் தள்ளினால் மாறி நடக்கும். சாய்வாகத் தள்ளினால் இரண்டுமே உருளும். உருண்ட அளவுக்குத் திரையில் ஒரு புள்ளி நகரும்.

வென்டெல் முழங்கால் கட்சி. மேசைக்கு அடியில் ஒரு நெம்புகோல்; முழங்காலைச் சாய்த்தால் புள்ளி பக்கவாட்டில் போகும், குதிகாலைத் தூக்கினால் மேலே ஏறும். தட்டச்சு செய்கிற கை விசைகளை விட்டு எழவே வேண்டாம். பரிசோதனைக்கு ஆள் போதாதபோது அங்கே தட்டச்சராக இருந்த நடீனும் உட்கார்ந்தாள். புதியவர்களுக்கு முழங்கால் சுலபமாகத்தான் வந்தது. பழகப் பழக மவுஸ் முந்திவிட்டது. அதை எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவள் நடீன்.

"கட்டின பொண்டாட்டியே என்னைத் தோக்கடிச்சா" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வென்டெல் முறையிடுவார். "உன் நெம்புகோல்ல என் ஸ்டாக்கிங்ஸ் கிழிஞ்சுது" என்று நடீன் வான்கோழியை வெட்டிக்கொண்டே சொல்வாள்.

லோரி சுவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அப்பா, என் விரல்தான் புள்ளி. ஓட்டுங்க."

முழங்கால் இடப்பக்கம் சாய்ந்தது. விரல் ஜன்னலைத் தாண்டியது, கடிகாரத்தைத் தாண்டியது. முழங்கால் கொஞ்சம் தாழ்ந்தது, விரலும் இறங்கியது. முழங்கால் நின்றது.

"அலமாரி. ஏதோ புத்தகம் கேக்கறாரு. அம்மா, மறைக்காம கொஞ்சம் தள்ளு."

நடீன் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். முழங்கால் வலப்பக்கம் சாய்ந்தது. லோரியின் விரல் அலமாரியை விட்டு அம்மாவின் மேல் வந்து நின்றது.

"தப்பாப் போகுது," என்றாள் லோரி. "அம்மா, நீ மறுபடி பழைய இடத்துக்கே போ."

நடீன் போனாள். முழங்காலும் கூடவே போனது.

பாதி உரித்த ஆரஞ்சு நடீனின் மடியிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவள் எழுந்து வந்து கட்டிலில், அவர் இடுப்பை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பேச முடிஞ்சப்ப ஒருநாளாவது என்னைக் கூப்பிட்டிருக்கியா? 'காப்பி எங்க'ன்னு கத்தத்தானே செய்வ."

வென்டெல் ஒருமுறை கண் சிமிட்டினார்.

"சரி, இன்னிக்கு உன் முட்டிதான் வேகம். ஒத்துக்கறேன். போதுமா?"

இன்னொரு சிமிட்டல். நடீன் சிரித்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் சுவரை விட்டு இறங்குவதற்குள் அவர் போய்விட்டார்.

அன்றிரவு, உறவினர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லும் மின்னஞ்சலைத் தானே எழுத வேண்டும் என்று நடீன் கணினி முன் உட்கார்ந்தாள். தடுமாறாமல் வேகமாகத் தட்டச்சு செய்தாள். இனி திரையில் 'அனுப்பு' பொத்தானின் மேல் அம்புக்குறியை வைக்க வேண்டும். மவுஸை நோக்கிப் போன கை பாதியில் நின்று, விசைகளுக்கே திரும்பியது.

வாசற்படியில் நின்றிருந்த லோரி பார்த்தாள். மேசைக்கு அடியில் அம்மாவின் குதிகால் செருப்பை விட்டு எழும்பியது. முழங்கால் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.