உதட்டோரக் கொப்புளம்

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று மத்தியானமே காலர் அக்காவுக்கு உதட்டோரம் குறுகுறுத்தது.

அந்தக் குறுகுறுப்பு அவளுக்குப் புதிதல்ல. வெயிலில் அலைந்தால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், மனசு சரியில்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். மறுநாள் கடுகு கடுகாகக் கொப்புளங்கள் கூடி நிற்கும். பிறகு உடைந்து, பொருக்குத் தட்டி, சிரித்தால் வலித்து, தானாகப் போகும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஆனால் இந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பட்டன் வைப்பாள், ஒருத்தி பை வைப்பாள். இவளுக்கு வந்த நாளிலிருந்து காலர்தான். அதனால் வயதில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் அவள் காலர் அக்கா. பக்கத்து மிஷின்காரிக்கு மட்டும் வெறும் காலரு. அந்தப் பக்கத்து மிஷின்காரியின் பெயர் ரேடியோ. மின்சாரம் போய் மிஷின்கள் நின்றாலும் அவள் நிற்கமாட்டாள்.

"என்ன காலரு, உதட்டைக் கடிச்சுக்கிட்டே இருக்க? பெரியம்மா ஆயிட்டோம்னு மிதப்பா?"

"மறுபடியும் வரப்போகுதுடி."

"சூடு. உனக்கு உடம்பா அது, கொதிக்கிற பானை. ராத்திரி பற்பசை தடவிட்டுப் படு, காலையில காணாமப் போயிடும்."

"போன தடவை தடவினேன். உதடு எரிஞ்சதுதான் மிச்சம். வாசனை நல்லா இருந்துச்சு."

ரேடியோ சிரித்துக்கொண்டே ஊசியை நீட்டினாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, கண்ணாடி போட வெட்கம். அவளுக்கும் சேர்த்து நூல் கோத்துத் தருவது காலர் அக்காதான். நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தி, கூராக்கி, ஒரே குத்தில் கோத்துவிடுவாள். "உன் எச்சில்லதான் என் பிழைப்பே ஓடுது" என்று ரேடியோ சொல்லிக் கூடமே சிரிக்கும். அன்று காலர் அக்கா நூலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. காரணம், அதற்குச் சற்று முன்பு இஸ்திரி மேசையிலிருந்து காதில் விழுந்த ஒரு பேச்சு.

"அந்தக் கொப்புளத்துக்கு ஒரு பேர் இருக்காம். போன்ல போட்டிருந்தான். ஒழுங்கா இருக்கிற பொம்பளைக்கு வராதாம்."

அவளைப் பற்றித்தான் பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் பை தயாராக இருந்தது. பையில் பாப்பாவுக்கான சட்டைகள். வெட்டியதுபோக மிஞ்சிய மெல்லிய துணிகளைக் கேட்டு வாங்கி, தையல் விளிம்பு பிஞ்சு உடம்பில் உரசக்கூடாது என்று கையாலேயே தைத்தவை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குக் குழந்தை இல்லை. தங்கை உண்டான நாளிலிருந்து, அந்தக் குழந்தையை முதலில் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் நான்தான் என்று அவள் சொல்லாத ஆளில்லை. மேற்பார்வையாளரிடம் லீவும் வாங்கியாயிற்று.

ஒரு களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போனாள். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த நர்ஸுக்குத் தங்கை வயதுதான் இருக்கும். சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தது.

"கைக்குட்டையை எடுங்கக்கா. வாயை நான் ஊகிச்சுப் பார்க்க முடியாதுல்ல."

எடுத்தாள். நர்ஸ் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். "ஹெர்பிஸ்."

போனில் போட்டிருந்த பேர் இதுதானோ என்று காலர் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இஸ்திரி மேசையில் கேட்ட பேச்சை விழுங்கி விழுங்கிச் சொன்னாள்.

"அட, யாருக்கா அப்படிச் சொன்னது?" என்று நர்ஸ் தும்மலுக்கு நடுவே சிரித்தாள். "இதே வைரஸ் குடும்பத்துல இன்னொண்ணு இருக்கு, உடலுறவுல ஒட்டறது, அது வேற. இந்த உதட்டு வைரஸ் ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கு. நிறையப் பேருக்கு இருக்கிறதே தெரியாது, கொப்புளமே வராது. உங்களுக்கு எப்பத்துலருந்து?"

"சின்ன வயசுலருந்து."

"அப்ப யாரோ ஆசையா முத்தம் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான். ஒரு தடவை உள்ள வந்துட்டா நரம்புல போய்ப் படுத்துக்கும். விரட்ட முடியாது. ஜுரம், வெயில், கவலைன்னு ஏதாவது வந்தா எந்திரிச்சு உதட்டுக்கு வரும். மறுபடி போய்ப் படுத்துக்கும். சூடுன்னு சொல்றாங்களே, அது எழுப்பிவிடறது. உள்ள கொண்டுவந்து விட்டது அது இல்ல."

காலர் அக்காவுக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. சந்தோஷத்தில் சொன்னாள். "களிம்பு குடுங்கம்மா. தங்கச்சி பாப்பாவைப் பார்க்கப் போறேன். பிறந்து ரெண்டு நாள்தான்."

நர்ஸின் சிரிப்பு நின்றது.

"போகாதீங்க" என்றாள்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். பெரியவர்களுக்கு இது வெறும் தொல்லை. பிறந்த குழந்தைக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு கிடையாது. முத்தத்தில் போகலாம், கொப்புளத்தைத் தொட்ட விரலில் போகலாம். போனால் ஈரல், மூளை என்று உள்ளே இறங்கிவிடலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளம் ஈரமாக இருக்கும்போதுதான் அதிகம் பரவும். ஆனால் உதடு சுத்தமாக இருக்கும்போதும் எப்போதாவது எச்சிலில் வரும். அதனால் யாராக இருந்தாலும் பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டாம்.

"பொருக்கு விழுந்து, தோல் மூடட்டும். அப்புறம் கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு, ஆசை தீரத் தூக்குங்க. முத்தம் மட்டும் வேணாம்."

காலர் அக்கா எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். "சட்டை தைச்சேம்மா. நூலெல்லாம் உதட்டுல நனைச்சு... ஒவ்வொரு நூலையும் பல்லால கடிச்சு... எரிச்சுடட்டுமா?"

"அய்யோ, எதுக்கு? துணியில காய்ஞ்சு போனா அது பொழைக்காது. சோப்புப் போட்டு அலசி வெயில்ல காயவைங்க, போதும். இனிமே தண்ணியில நனைச்சுக் கோத்துக்குங்க. அடுத்த தடவை குறுகுறுன்னு வந்தவுடனே வாங்க, அப்பதான் மருந்து நல்லா கேட்கும்."

பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று யாராவது பிரித்துச் சொல்லிவிட்டால் மனசுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியோடு வீடு வந்து சேர்ந்தவள், தங்கைக்குப் போன் போட்டதும் உளறிவிட்டாள். வாய்க்கொப்புளம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. தங்கை வீட்டில் இப்போது அவள் நாத்தனார் வந்து தங்கியிருக்கிறாள். பாப்பாவின் அத்தை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அவள் காதுக்கும் அந்த இஸ்திரி மேசைப் பேச்சு எட்டியிருந்தால்?

"லீவு கிடைக்கல. அவசர ஆர்டர் வந்துடுச்சு. அடுத்த வாரம் வரேன்."

பொய் சொல்வதற்கும் ஒரு முன்யோசனை வேண்டும். கூடத்தில் ரேடியோ என்று ஒருத்தி இருப்பதை அவள் மறந்துவிட்டாள்.

தங்கை கூடத்துக்குப் போன் போட்டிருக்கிறாள், அக்காவுக்கு எப்படியாவது ஒரு நாள் லீவு தரச்சொல்லிக் கேட்கலாமென்று. எடுத்தது ரேடியோ. "லீவா? அவ லீவுலதானே இருக்கா! அங்க வரலையா?"

அன்று சாயங்காலமே தங்கை கூப்பிட்டாள். பின்னால் நாத்தனாரின் குரல் தெளிவாகக் கேட்டது. "வராதவங்களை எதுக்கு வற்புறுத்தற? பாவம், அவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல. பார்க்கப் பார்க்க வலிக்கும்."

"அக்கா" என்றாள் தங்கை. "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடு. நான் எதுவும் நினைச்சுக்கமாட்டேன்."

போனை வைத்தபிறகு காலர் அக்கா அலசிக் காயவைத்த சட்டைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கட்டிலில் படுத்திருந்த புருஷன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நர்ஸ் சொன்னதை என்கிட்ட அவ்வளவு விலாவாரியா சொன்னியே" என்றான். "அதையே அங்கயும் போய்ச் சொல்லேன்."

"எப்படிங்க சொல்றது? நாத்தனார் இருக்காங்க."

"சொல்லலைன்னா பொறாமைக்காரின்னு பேரு. சொன்னா வாயில புண்ணுன்னு பேரு. எது ஆறும்?"

அவன் அப்படித்தான். மாசத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் உருப்படியாக.

மறுநாள் காலை, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறந்திருந்தது. தங்கை சுவரோரம் தலையணையில் சாய்ந்திருந்தாள். நாத்தனார் பாப்பாவை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா!" தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏன் அங்கயே நிக்கற?"

"உள்ள வரல. இங்கருந்தே சொல்றேன்." கைக்குட்டையை அவிழ்த்தாள். உதட்டோரம் கொப்புளங்கள் உடைந்து ஈரமாக இருந்தன. "இதுக்காகத்தான் வரல. லீவு கிடைக்கலைன்னு சொன்னது பொய். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

நர்ஸ் சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நரம்பு, முத்தம், விரல், ஈரல், மூளை. நடுவில் எதையும் விட்டுவிடக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றாள் நாத்தனார். "இது எனக்கும்தான் வரும். ஜுரம் அடிச்சா போதும், வந்து உட்கார்ந்துக்கும். போன மாசம்கூட..."

அவள் குனிந்திருந்தாள். உதடு குவிந்திருந்தது. பாப்பாவின் கன்னத்துக்கும் அந்த உதட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடைவெளி. அதற்குமேல் குனியவில்லை.

நாத்தனார் மெதுவாக நிமிர்ந்து, ஏதோ சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது போலப் பாப்பாவைத் தங்கையிடம் கொடுத்தாள்.

"பிறந்ததுலருந்து குடுத்துக்கிட்டே இருக்கேனே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "கன்னம், கை, மூக்கு... எத்தனைன்னு எனக்கே தெரியாதே!"

காலர் அக்கா சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். நர்ஸின் அதே சளி கட்டிய குரல். இப்போது கொப்புளம் இருக்கிறதா? இல்லை. போன மாதம் வந்தது முழுசாக ஆறிவிட்டதா? ஆறிவிட்டது. "அப்ப போயிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா கம்மின்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. பாலைச் சரியா குடிக்கலைன்னாலோ, உடம்பு சுட்டாலோ, எழுப்பினாலும் எழும்பாம துவண்டு கிடந்தாலோ, எங்கயாவது கொப்புளம் தெரிஞ்சாலோ, யோசிக்காம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. சீக்கிரம் பார்த்துட்டா மருந்து இருக்கு. இனிமே யாரும் முத்தம் குடுக்காதீங்க."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "பாவி நான். ஆசைப்பட்டுக் கொல்லப் பார்த்தேனே."

காலர் அக்காவுக்கு அவளிடம் நேற்றுவரை இருந்த கோபத்தைத் தேடிப்பார்த்தாலும் கிடைக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அழாதீங்க அண்ணி. நமக்குக் குடுத்தவங்களும் ஆசையாதான் குடுத்திருப்பாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லல. நமக்குச் சொல்லிட்டாங்கல்ல."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தினமும் போன் வந்தது. தங்கையிடமிருந்து அல்ல, நாத்தனாரிடமிருந்து.

"பால் குடிச்சா. உடம்பு சுடல. நல்லா வீல்னு கத்தறா. நீங்க கேட்கறீங்களா? இருங்க, காதுல வைக்கறேன்." பாப்பாவின் அழுகை போனில் கேட்கும். காலர் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். லீவு தீர்ந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். ரேடியோவிடமும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. அவளிடம் ஒன்றைச் சொல்வது கூடத்துக்கே சொல்வதற்குச் சமம் என்று தெரிந்தேதான் சொன்னாள். ரேடியோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "உன் எச்சிலை இத்தனை வருஷம் ஊசியில தொட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் வரல. வந்திருந்தா ஊருக்கே சொல்லியிருக்கமாட்டேனா?" இஸ்திரி மேசைக்காரி மட்டும் அன்று முழுக்கத் தலை நிமிராமல் சட்டைகளைத் தேய்த்தாள். சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "அக்கா, எனக்கும் சின்னதுல வந்திருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

பொருக்கு விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்து, அதுவும் நிறம் மாறிய பிறகுதான் காலர் அக்கா கிளம்பினாள்.

வாசலிலேயே நாத்தனார் மறித்தாள். முகத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விலை பேசப்போகும் துணியைப் பார்ப்பது போல உதட்டைப் பார்த்தாள். "ம். போய்க் கை கழுவுங்க. நகக்கண்ணையும் சேர்த்து."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள் மடியில் தங்கை பாப்பாவை வைத்தாள். கனமே இல்லை. பாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, யாரோ என்று பார்த்து, மூடிக்கொண்டது. முகத்தைக் குனிய வேண்டும் போலிருந்தது. குனியவில்லை. கன்னத்தின் மென்மயிர் வெளிச்சத்தில் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துத் தீரவில்லை.

"பாப்பா முழிச்சிருக்கா?" என்று மாடிவீட்டு அம்மாள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே உதட்டைக் குவித்துவிட்டாள். "என் தங்கமே, ஒண்ணே ஒண்ணு..."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் காலர் அக்கா பேசிவிட்டாள். "முத்தம் வேணாங்க. கண்ணால கொஞ்சுங்க."

மாடிவீட்டு அம்மாளுக்கு முகம் சுருங்கியது. "ஏன், எனக்கு என்ன நோயா?"

"உங்களுக்கு இருக்கான்னு தெரியாதுங்க. எனக்கு இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

அவள் குரல் நடுங்கவில்லை என்பதைத் தங்கைதான் முதலில் கவனித்தாள். மாடிவீட்டு அம்மாள் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றாள். விரல் மெல்லத் தன் உதட்டோரத்துக்குப் போய்த் தடவியது.

"ஜுரம் வந்தா எனக்கு இங்க ஒரு கொப்புளம் வரும். அதைச் சொல்றீங்களா?"

"அதேதான்" என்றாள் காலர் அக்கா. "வாங்க, இப்படி உட்காருங்க, சொல்றேன். முதல்ல கையைக் கழுவிட்டு வந்துடுங்க. சோப்பு ஜன்னல் பக்கம் இருக்கு."