கவுன்சிலர் பெனடிக்ற்றும் வாசலில் கிடந்த சப்பாத்தும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் முன்னறை ஜன்னல் திரைச்சீலை வழியாக. லண்டன் லூயிஷாம், 1994. எதிர்வீட்டைப் பார்க்காமல் இருக்க நான் என்ன முனிவரா? முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, உழைப்பால் உயர்ந்த உத்தமர்..." சீ, பொன்னாடை போர்த்தும் மேடைப் பேச்சு. விடுங்கள்.

2

பெனடிக்ற், ரயில் ஸ்டேஷனுக்கு அருகே சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருந்தவர். அந்த மே மாதம் கவுன்சில் தேர்தலில் நின்றார். எங்கள் பகுதித் தமிழ் வோட்டெல்லாம் கணக்காளர் கணேசலிங்கத்தார் தலையாட்டும் பக்கம்தான் விழும். அவரோ கோயிலில் வைத்தே சொல்லிவிட்டார்: "சப்பாத்துத் தைக்கிறவரை அனுப்பினா வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

(வெள்ளைக்காரன் தன் பிய்ந்த சப்பாத்தைப் பற்றித்தான் நினைத்தான். அதை அவரிடம் சொல்ல யாருக்குத் துணிவு?)

3

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெனடிக்ற் எதிர்வீட்டு மணியை அடித்தார். [கையில் பூங்கொத்து என்று முதலில் எழுதினேன். பொய். நோட்டீசுக் கட்டுத்தான்.] கதவைத் திறந்தவர் கணேசலிங்கத்தாரின் மனைவி கமலாம்பிகை.

"அவர் இல்லைத் தம்பி. சட்டன் ரவுணுக்குப் போயிட்டார்."

வாசலுக்குள்ளே கணேசலிங்கத்தாரின் ஒரே சோடிக் கறுப்புச் சப்பாத்து கிடந்தது.*

"பரவாயில்லை அக்கா, வருமட்டும் இருக்கிறன்." தன்னுடையதையும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

* எங்கள் சனத்துக்குப் பொய் சொல்லவும் தெரியும், சப்பாத்தை வாசலில் கழற்றவும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது என்பதுதான் தெரியாது.

இனி நடந்தது, மறுநாள் கமலாம்பிகை போனில் எனக்குச் சொன்னது. தேத்தண்ணி வந்தது. மாடியில் பெருந்தும்மல்.

"பூனை," என்றார் கமலாம்பிகை.

"பாவம், தடிமன் போல. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ அக்கா."

பூனை படியிறங்கி வந்தது.

"இஞ்ச பாரும் பெனடிக்ற். அடுத்த நோட்டீசில வியாபாரி எண்டு மட்டும் போடும். முழு வோட்டும் நான் வாங்கித் தாறன்."

இவ்விடத்தில் என் பேனா நின்றது. இந்த வோட்டு இல்லையென்றால் மனிதர் தோற்பார். நானாயிருந்தால் வியாபாரி என்ன, மகாராசா என்றே போட்டிருப்பேன். "சரி அண்ணை" என்று அவர் வாயில் ஒரு வரியை வைத்தும் பார்த்தேன். துப்பிவிட்டார்.

"ஏலாது அண்ணை. அந்தச் சுத்தியல்தான் என்ர பிள்ளையளைப் படிப்பிச்சது. அதை ஒளிச்சுப்போட்டு ஆரின்ர வாசலில போய் நிக்கிறது?"

வெளியேறும்போது கறுப்புச் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"குதி தேஞ்சு போச்சு. கடைக்குக் கொண்டு வாங்கோ. ஆனா காசு எடுப்பன்."

4

அடுத்த நோட்டீசில் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில்: சப்பாத்துத் திருத்துபவர். என் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். வென்றார்! யார் யார் போட்டார்களென்று பெட்டிக்குத்தான் தெரியும். எங்கள் தெருவே புதுக் குதி போட்டதுபோல நிமிர்ந்து நடந்தது.

முடிவா? வோட்டு நாளன்று கணேசலிங்கத்தார் வாக்குச்சாவடிக்குப் போனதைக் கண்டேன். அதே கறுப்புச் சப்பாத்து, புதுக் குதி. தெரு முழுக்க டக், டக்.

(அ) அவர் மனம் மாறி, பெனடிக்ற்றின் பெயருக்கு நேரே...
(ஆ) குதி வேறு, கௌரவம் வேறு என்று...

என் திரைச்சீலை அவ்வளவு தூரம் நீளாது. நீங்கள் அவரோடு உள்ளே போங்கள். வாக்குச்சீட்டில் பென்சில் எந்தப் பெயரில் நின்றதென்று பார்த்து வந்து எனக்கு மட்டும் சொல்லுங்கள். நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.