மணமகள் அறையில் விழுந்த வண்டி

எங்கள் ரோபோ வண்டி அசையவே இல்லை.

விஷ்ணு என் போனில் முன்னால் போவதற்கான பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். திரையில் ‘இணைந்துவிட்டது’ என்று பச்சை எழுத்து தெரிந்தது. அப்படியென்றால் போன் சொல்வதை வண்டி கேட்டாக வேண்டும்.

“யுவா, இன்னாடி இது? காலைல நல்லா ஓடுச்சே!”

“ஆப்ப மூடிட்டுத் தொறடா.”

மூடித் திறந்தான். மறுபடியும் பச்சை எழுத்து. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நடுவர் சுமலதா மேடம் இரண்டாவது விசிலை ஊதியபோது எங்கள் இரண்டு நிமிடமும் போயிருந்தது. மதிப்பெண் பூஜ்யம்.

போட்டி இதுதான்: எட்டடிப் பலகையின் ஒரு ஓரத்தில் பத்து மரக்கட்டைகள் இருக்கும். அவற்றை மணிலா, அதாவது வேர்க்கடலை மூட்டைகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி தன் கையால் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்துப்போய் மறு ஓரத்துக் கிடங்கில் போட வேண்டும். மாவட்டத்திலிருந்து ஓர் அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். நானும் விஷ்ணுவும் பன்னிரண்டாம் வகுப்பு. எங்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

செஞ்சியில் வேறு பெரிய கூடம் கிடைக்காததால் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்திருந்தார்கள். மேடைக்கு முன்னால் களம். அடுத்து ஓட வேண்டிய அணி, மேடைக்குப் பின்னால் இருக்கும் மணமகள் அறையில் வண்டியை ஆன் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அடுத்தது மேல்சித்தாமூர் அணி.

“அவங்க வேலதான்,” என்றான் விஷ்ணு.

நானும் அதையேதான் நினைத்தேன்.

மேல்சித்தாமூர் அணிக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். மூன்று சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, கை எப்படிக் கவ்வுகிறது என்று கழற்றிக் காட்டினோம். அங்கே மஞ்சு என்று ஒன்பதாம் வகுப்புப் பெண். “இந்த வயரு எதுக்குக்கா? புடுங்கிட்டா இன்னா ஆவும்கா?” என்று விடாமல் கேட்பாள். கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். இவளையும் பிடித்திருந்தது.

அவள் இன்று காலை எங்கள் வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தாள். “உங்களுது எத்தினியாவது ரன்னுக்கா?” என்று கேட்டாள். எங்கள் ஓட்டம் தொடங்கும்போது மேடைத் திரையை விலக்கி, கையில் போனோடு எட்டிப் பார்த்தாள். அந்தந்த நேரத்தில் சாதாரணமாகத் தெரிந்த மூன்றும் இப்போது ஒரே வரிசையில் வந்து நின்றன. எங்கள் வண்டியை அவள் போன் பிடித்துவைத்திருக்க வேண்டும். புளூடூத்தில் ஒரு வண்டி ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். முதலில் யார் பிடிக்கிறார்களோ அவர்கள் சொன்னபடி ஆடும். அடுத்தவருக்குக் கதவைச் சாத்திவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

இன்னொரு அணியால் தடங்கல் வந்தால் நடுவரிடம் புகார் எழுதிக் கொடுக்கலாம். வேண்டுமென்றே செய்தது நிரூபணமானால் அந்த அணி வெளியே. தடங்கல் பட்ட அணிக்கு மறு ஓட்டம். ஒரு தாளில் எழுதினேன். மஞ்சுவின் பெயரை எழுதும்போது பேனா தயங்கியது. ஆனாலும் எழுதினேன்.

சுமலதா மேடம் எங்களை மணமகள் அறைக்கு அழைத்துப் போனார். பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் மஞ்சு நின்றிருந்தாள். தரையில் அவர்கள் வண்டி. அதன் கை தோளோடு ஒடிந்து தொங்கியது. அவள் கையிலும் ஒரு தாள்.

“மேடம், இவங்க மேல நாங்களும் எழுதியிருக்கோம். எங்க வண்டிய யாரும் தொடல. டேபிள் மேல சும்மா நின்னுக்கினு இருந்துச்சு. தானா ஓடிப் போயி கீழ வுழுந்துடுச்சு. கை ஒடஞ்சதால எங்க ரன்னும் போச்சு.”

“தானா ஓடுமா? கதை வுடாத,” என்றான் விஷ்ணு.

“உங்களுது தானா நிக்கலாம், எங்களுது தானா ஓடக்கூடாதா?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க,” என்றார் மேடம். “எப்பம்மா விழுந்துச்சு?”

“நீங்க இவங்களுக்கு மொத விசில் ஊதினீங்களே மேடம், அப்பதான். என் போனு கனெக்டே ஆவல. ஏன்னு தெரியாம வெளிய எட்டிப் பாத்துக்கினு இருந்தேன்.”

முதல் விசில். விஷ்ணு முதல்முறை பொத்தானை அழுத்திய நேரம்.

விஷ்ணுவின் போனில் எங்கள் ஓட்டத்தை நான் வீடியோ எடுத்திருந்தேன். அதைத் திறந்து வண்டியின் முதுகைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. யாரும் பிடிக்காதவரை அது படபடவென்று வேகமாக மின்னும். ஒரு போன் பிடித்ததும் நிதானமாகி, விட்டு விட்டு மின்னும். வீடியோவில் அது இரண்டு நிமிடமும் படபடத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வண்டியை யாருமே பிடிக்கவில்லை. மஞ்சுவும் பிடிக்கவில்லை, நாங்களும் பிடிக்கவில்லை. ஆனால் என் போன் எதையோ பிடித்திருந்தது.

எதை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது. மேல்சித்தாமூரில் குழப்பம் வேண்டாம் என்று வண்டிக்கான நிரலை நான் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். ‘இதில் உள்ளபடியே ஓர் எழுத்து மாறாமல் அடிக்கவும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அவர்களும் ஓர் எழுத்து மாறாமல் அடித்தார்கள், எங்கள் வண்டியின் பெயர் உட்பட. மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் போனில் இடம் இல்லாததால் அந்த வண்டியை என் போனில் ஓட்டிப் பார்த்தேன். நான் எழுதிய ஆப், பெயரை மட்டும் பார்க்கும். அந்தப் பெயரில் முதலில் பதில் சொல்வது எதுவோ அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் அவர்கள் வண்டி அணைந்திருந்தது. எங்களுடையது பதில் சொன்னது. போட்டியில் இரண்டும் ஆனில் இருந்தன.

“ஒரு ரன்னுக்குத்தான் டைம் இருக்கு,” என்றார் மேடம். “மூணு மணிக்கு ரிசப்ஷன்காரங்க வந்துடுவாங்க. யாரால தடங்கல்னு தெரிஞ்சா மத்தவங்களுக்குத் தருவேன். தெரியலன்னா சீட்டுப் போடுறேன்.”

சீட்டு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. விஷ்ணு என் முழங்கையை இடித்தான். அவனுக்கு விவரம் தெரியாது. நான் எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்பது மட்டும் என் முகத்தில் தெரிந்திருக்கும்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மஞ்சு குனிந்து தன் வண்டியின் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், தவறு தன்னிடம்தானோ என்று. தவறான இடத்தில் ஒருவர் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

“மேடம், நாங்கதான்,” என்றேன்.

சொன்னதும் அவர்கள் வண்டியை ஆன் செய்யச் சொன்னேன். என் போனில் ஆப்பைத் திறந்தேன். பச்சை எழுத்து. அதன் முதுகு விளக்கு நிதானமானது. பொத்தானைத் தொட்டேன். ஒடிந்த கையை இழுத்துக்கொண்டு வண்டி மஞ்சுவின் காலை நோக்கி உருண்டது. அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தாளைப் பற்றியும் பெயரைப் பற்றியும் முழுதாக விளக்கினேன். மேடத்துக்குப் புரிந்தது. மஞ்சுவுக்கும் புரிந்தது, ஆனால் வேறு விதமாக.

“அப்ப எங்க ஊருக்கு வந்து சொல்லிக் குடுத்ததே இதுக்குத்தானா?”

“இல்ல மஞ்சு, சத்தியமா எனக்கு...”

“எல்லாத்தையும் எழுதிக் குடுத்தீங்க. இத மட்டும் மறந்துட்டீங்களாக்கும்.”

மறந்தேன் என்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் அது எனக்கே நம்பும்படியாக இல்லை.

மறு ஓட்டத்தை மேடம் அவர்களுக்குக் கொடுத்தார். விஷ்ணு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். “ஒரு சீட்டுதானடி. வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?”

அவர்களிடம் மாற்றுக் கை இல்லை. எங்கள் வண்டியின் கையைக் கழற்றி நீட்டினேன். மஞ்சு உடனே வாங்கவில்லை. “உள்ள இன்னா இருக்குது?” என்றாள். ஒரு சிறிய மோட்டார், மூன்று வயர், பல்சக்கரம், வேறெதுவும் இல்லை என்று பிரித்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஊதிப் பார்த்துவிட்டுத்தான் தன் வண்டியில் மாட்டினாள்.

“மேடம், இவங்க ரெண்டு பேரு போனையும் ஆஃப் பண்ணி நீங்க வாங்கி வெச்சுக்கோங்க. இவங்க வெளிய இருக்கட்டும்.”

மேடம் என்னைப் பார்த்தார். போன்களை அணைத்துக் கொடுத்தோம்.

மண்டப வாசலில் நின்றோம். உள்ளே விசில். அதன் பின் மோட்டாரின் முனகல். கை கவ்வும்போது அந்தச் சத்தம் ஒரு படி இறங்கும். கட்டை கிடங்கில் விழும்போது டொக் என்று கேட்கும். எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு. அதுவரை எல்லா அணிகளிலும் அதிகம் ஆறு. உள்ளே கத்தலும் கைதட்டலும் எழுந்தன.

கொஞ்ச நேரத்தில் மஞ்சு வெளியே வந்தாள். முகத்தில் இருந்த சந்தோஷம் எங்களைப் பார்த்ததும் அடங்கியது. எங்கள் வண்டியின் கையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினாள்.

“நாலு ஸ்க்ரூ இருக்குது. எண்ணிப் பாத்துக்கோங்க. அப்புறம் அதையும் எழுதிக் குடுத்துடப் போறீங்க.”

அவள் போனாள். நான் எண்ணவில்லை. விஷ்ணு எண்ணினான்.