வெள்ளைத்தாள் ஒட்டிய கடல்

அந்த முயலை ஜுவைரியாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. படப்புத்தகம் முழுக்க அது எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டே திரிந்தது. ஆமைக்குச் சுறுசுறுப்பு, காக்கைக்குச் சுத்தம், குரங்குக்கு ஒழுக்கம். கடைசிப் பக்கத்தில் எல்லா மிருகங்களும் வரிசையாக நின்று அதற்குக் கைதட்டின. "இதை நம்ம புள்ளைங்ககிட்ட குடுத்தா முயலைக் கல்லால அடிப்பாங்க" என்று சொல்லி, வேண்டாதவை பக்கம் தள்ளி வைத்தாள். நிலைப்படிக்கு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தோழி ஜான்சி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், இத்தா இருக்கிற வீட்டில் சிரிக்கலாமோ கூடாதோ என்று பயந்து அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஜுவைரியாவின் புருஷன் முஜீப் ரஹ்மான் சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், அந்த லீவு முடிகிற வரைக்கும்தான் அவளோடு இருந்தான். பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், அவன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். இங்கே மாமியார் வீட்டில் அவளுக்கு வெள்ளைச் சேலை கட்டி, வளையலைக் கழற்றி, உள்ளறையில் உட்கார வைத்தார்கள். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா, நாலு மாசம் பத்து நாள். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் உப்பளம். பாத்தி பாத்தியாக வெயில், வரப்பு ஓரத்தில் குவித்த உப்பு. சேலையும் வெள்ளை, சுவரும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. அவள் அழுதாள்தான். ஆனால் புருஷனுக்காக அழுதது கொஞ்சம், அந்த அறைக்காக அழுதது நிறைய. அதை யாரிடம் சொல்ல முடியும்?

ஜான்சியிடம் சொன்னாள். திண்டிவனம் காலேஜில் இருவரும் ஒரே பெஞ்ச். ஜுவைரியாவை இரண்டாம் வருஷத்தில் நிறுத்திக் கல்யாணம் செய்துவிட்டார்கள். உப்பளத் தொழிலாளி சவரிமுத்துவின் மகள் ஜான்சி மட்டும் முட்டி மோதி டிகிரி வாங்கிவிட்டாள். சுனாமி அலை அடித்துப் போனபின் மீனவர் குப்பத்துக்கு வந்த நிவாரண அமைப்பு ஒன்றில் அவளுக்கு வேலை. தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் திறக்கப் போகிறார்கள். மெட்ராஸ், டெல்லி, வெளிநாடு என்று எங்கெங்கிருந்தோ புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அனுப்பினவர்களும் படிக்கவில்லை, இறக்கினவர்களுக்கும் நேரமில்லை. ஊரிலேயே நேரம் நிறைய வைத்திருந்த ஒருத்தியிடம் ஜான்சி அவற்றைப் பை பையாகச் சுமந்து வந்தாள்.

ஜுவைரியா படித்தாள் என்பதைவிட, புத்தகங்களோடு சண்டை போட்டாள் என்பதுதான் சரி. பனி பெய்கிற புத்தகங்களுக்கு அவள் விரோதியில்லை. "நம்ம புள்ளைங்களுக்குப் பனி புரியாதுன்னு ஒதுக்காத. உப்பைக் காட்டி, இதே மாதிரி வானத்துலேர்ந்து விழும்னு சொல்லு போதும்" என்றாள். படம் நன்றாக இருந்தால் எழுத்தைக் குறைக்கச் சொன்னாள். யானை கிணற்றில் விழுவது படத்திலேயே தெரிகிறபோது, யானை கிணற்றில் விழுந்தது என்று எதற்கு எழுத வேண்டும்? பிள்ளைக்குக் கண் இல்லையா?

பெரிய பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் நாவல்கள் மேல்தான் அவளுக்குத் தீராத குறை. தாய் முதல் பக்கத்திலேயே செத்துவிடுகிறாள். இல்லையென்றால் கதை நகராது போலிருக்கிறது. அப்பன் எந்நேரமும் வேலையாகவே இருக்கிறான். பதினைந்து வயசுப் பெண் கோபம் வந்தால் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறாள். அந்தத் தெருவில் எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை, யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்க நாதியில்லை. ஓடின பெண்ணுக்குப் பசிப்பதில்லை, மாதவிலக்கு வருவதில்லை. விடிவதற்குள் தன்னைத் தானே கண்டுபிடித்துவிடுகிறாள். இதையெல்லாம் திட்டிவிட்டு அதே நாவலை ஜுவைரியா இரண்டாம் முறையும் படித்தாள். ஜன்னல் வருகிற பக்கம் வந்ததும் நிறுத்தி, தன் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனி பிறந்த சமயம் ஜான்சி வேறு மாதிரி ஒரு கட்டு கொண்டுவந்தாள். அலைக்குத் தப்பிய பிள்ளைகள் கடலைப் பார்த்தால் பயப்படுவார்கள் என்று ஆபீசில் யாரோ சொல்ல, கடல் வருகிற பக்கங்களிலெல்லாம் மைதாப் பசை தடவி வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டார்கள். கட்டுமரத்தில் தனியாகப் போகிற ஒரு பையனின் கதை அதில் இருந்தது. முதல் படத்தில் பையன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். பிறகு வரிசையாக வெள்ளைத்தாள். கடைசிப் படத்தில் கையில் மீனோடு கரையில் நிற்கிறான்.

"இவனுக்கு மீன் எங்கேர்ந்துடி வந்துச்சு? பஜார்ல வாங்கினானா?" என்றாள் ஜுவைரியா. பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "கடலை மறைச்சுட்டா அதுங்க மறந்துடுமா? கொட்டாயை விட்டு வெளிய வந்தா எதிர்லயே கெடக்குது. பயத்தைப் படத்துல பார்த்தாதான கையை வெச்சுத் தொட முடியும். எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்துடறேன், வெச்சுட்டுப் போ."

ஜான்சி ஆபீசில் போய் இதை அப்படியே சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் பதிலோடு வந்தாள். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், ஜுவைரியாவே வரட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இத்தா முடிகிற அன்றைக்குத்தான் திறப்பு. அன்று வராவிட்டால் பாண்டிச்சேரியிலிருந்து வேறு ஒரு பெண்ணை எடுத்துவிடுவார்கள். ஜுவைரியா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மாமியிடம் அதைப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

மாமி அமீனா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். இத்தாவில் இருப்பவளிடம் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், மார்க்கத்தை மீற மாட்டாள். அதனால் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஷார்ஜாவில் இருக்கிற இளைய மகன் தௌபீக்கைப் பற்றி மட்டும் பேசினாள். தௌபீக்குக்குப் பரோட்டாவுக்குச் சால்னா தண்ணியாக இருக்க வேண்டும். தௌபீக் அதிர்ந்து பேச மாட்டான். தௌபீக்குக்கு லீவு கிடைத்துவிட்டது. சோற்றுத் தட்டோடு தினமும் ஒரு தௌபீக் வந்தான். மாமனார் பஷீர் அஹமது மளிகைக் கடையிலிருந்து வரும்போது, மருமகளுக்கென்று முந்திரிக் கேக் வாங்கிவந்து அவள் அறை வாசலோடு கொடுத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட வீட்டை எந்த ஜன்னல் வழியாகக் குதித்து விடுவது? அவள் படித்த எந்த நாவலிலும் அதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றித் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊறின தாள் மெதுவாக உரிந்து வந்தது. அடியில் நீலம், அதன் நடுவில் ஒற்றைக் கட்டுமரம், அதில் பையன். கரை ஓரத்தில் எறும்பு மாதிரி அவன் அம்மா.

மாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் படிக்க வராது.

"இந்தப் புள்ள திரும்பி வர்றானா?"

"வர்றான் மாமி."

"படி."

ஜுவைரியா படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் மாமி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மகன் மௌத்தான செய்தி வந்த நாளிலிருந்து அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. ஜுவைரியாவுக்கு உள்ளே ஏதோ நிறைந்தது. ஒரு புத்தகம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று தோன்றியது. மறுநாளும் மாமி வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். வேறு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வேண்டாம் என்றாள். அந்தப் பையன்தான் வேண்டும், அவன் திரும்பி வர வேண்டும். ஒரு நாள் அழுது முடித்துவிட்டு ஜுவைரியாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ எங்கயும் போயிடாத கண்ணு. எனக்கு இதைப் படிச்சுக் காட்ட யாரு இருக்கா?"

அந்தக் கை தலையில் இருந்தபோது ஜுவைரியா, தாளைப் பிரித்ததற்குப் பதில் ஒட்டியபடியே விட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காக அன்று முழுக்க வெட்கப்பட்டாள்.

இத்தா முடிந்த காலையில் குளிக்க வைத்துப் பச்சைச் சேலை கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து துஆ செய்துவிட்டுப் போனார்கள். நிறத்தை உடம்பில் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. வாசலில் ஜான்சியின் டிவிஎஸ் வந்து நின்றது. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் உறுமவிட்டபடியே உட்கார்ந்திருந்தாள். ஜுவைரியா புர்காவை எடுத்து மாட்டினாள். புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் மாமியிடம் சொன்னாள். குப்பத்துப் படிப்பகம், வேலை, தினமும், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று கோர்வையில்லாமல் சொன்னாள். தௌபீக் பெயரையும் அவளே எடுத்தாள், அவர் எனக்கு வேண்டாம் மாமி என்றாள்.

மாமி கத்தவில்லை. பைக்குள் கைவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். நடையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு தரம் படிச்சுட்டுப் போ."

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜுவைரியா நின்றபடியே குனிந்து, பக்கங்களை மாமி புரட்டப் புரட்ட, பார்க்காமலே சொன்னாள். பையன் கிளம்பினான், அலை தாண்டினான், மீன் பிடித்தான், திரும்பி வந்தான். மாமி இந்த முறை அழவில்லை. மூடிய அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வந்தவன் அதுக்கப்புறம் வீட்டோடயே இருக்கானா?"

ஜுவைரியாவுக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் மாமி புத்தகத்தைக் கொடுத்துவிடுவாள் என்றுகூடத் தோன்றியது.

"புத்தகத்துல அது இல்ல மாமி" என்றாள். பிறகு, "ஆனா மறுபடி போவான்."

மாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திறந்து, முன்னால் தள்ளிக்கொண்டே போய், கட்டுமரம் கிளம்புகிற பக்கத்தில் நிறுத்தினாள். பசையின் வெள்ளைத் திப்பி இன்னும் அங்கங்கே கடல்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியின் ஒரு கை புர்காவின் ஓரத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கையின் நகத்தால், கரையில் நிற்கிற அந்தச் சின்னத் தாயின் மேல் காய்ந்திருந்த பசையை அவள் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தாள்.